வரைபடம் இல்லாமல் வாசித்த தீவு: ‘ட்ரெஷர் ஐலண்ட்’ வாசிப்பு வட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எடின்பரோ நகரத்துப் பொது நூலகம் ஒன்றில் வாரம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டம், ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் முதல் நாவலான ‘ட்ரெஷர் ஐலண்ட்’டை, தமிழில் நாம் ‘புதையல் தீவு’ என்று அறிந்திருக்கும் கதையை, அக்டோபரில் தொடங்கி ஜனவரி இறுதிவரை முழுமையாக வாசித்தது. அந்த வட்டத்தை நடத்திய இருவரில் ஒருவர் என்ற முறையில் இந்தப் பதிவை எழுதுகிறேன். சிறுவர்களோடு பழைய சாகச நாவல்களை வாசிக்க முற்படும் நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எங்கள் அனுபவத்தில் எடுத்துக்கொள்ளத் தக்கது சில உண்டு என்று நம்புகிறேன். பங்கேற்றவர்களின் பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

வட்டத்தில் பாதிப் பேர் பத்து முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்; மற்றவர்கள் அவர்களை அழைத்துவந்த பெற்றோர், தாத்தா பாட்டிகள், தாமாக விரும்பி வந்த சில முதியவர்கள். ஸ்டீவன்சன் 1850 நவம்பர் 13 அன்று இதே நகரில் பிறந்தவர் என்பதும், அவருடைய நினைவுப் பொருள்களைக் கொண்ட எழுத்தாளர் அருங்காட்சியகம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது என்பதும் இந்த நூலைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயின. ஆனால் அதைவிட முக்கியமான காரணம், நூலைப் பற்றிப் பேச்செடுத்தபோது வட்டத்தினர் அனைவரும் அதைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொன்னதுதான்.

நாவல் உருவான விதத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பின்னர் நாங்கள் எடுத்த முடிவு அதைச் சார்ந்தது. 1881 கோடையின் இறுதியில், ஸ்காட்லாந்தின் மலைநாட்டுச் சிற்றூரான பிரேமாரில், மழை விடாது பெய்த நாள்களில், ஸ்டீவன்சன் தம் மனைவியின் மகனான பதின்மூன்று வயது லாய்ட் ஆஸ்போர்னோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தார். அப்போது ஒரு தீவின் வரைபடத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தக் குன்றுகளையும் துறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது கதைமாந்தர்கள் அவற்றுக்கிடையே நடமாடத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் எழுதினார். முதலில் வரைபடம், பிறகுதான் கதை. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற வேகத்தில் பதினைந்து அத்தியாயங்கள் வந்தன. பதினாறாவதன் தொடக்கத்தில் எழுத்து நின்றுபோனது. மீதியைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸில்தான் முடித்தார். ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழில் 1881 அக்டோபர் 1 முதல் 1882 ஜனவரி 28 வரை, ‘கேப்டன் ஜார்ஜ் நார்த்’ என்ற புனைபெயரில், அது தொடராக வெளிவந்தது. எவருடைய கவனத்தையும் அங்கே அது ஈர்க்கவில்லை என்பது அவருடைய சொந்த வாக்குமூலம். 1883 நவம்பரில் காசெல் நிறுவனம் நூலாக வெளியிட்ட பிறகே அதற்குப் புகழ் வந்தது.

தொடக்கத்தில் கண்டவை

முதல் கூட்டத்தில், வாசிப்பதற்கு முன்பாக, கதையில் நினைவுக்கு வருவனவற்றை எல்லாரும் சொல்லும்படி கேட்டோம். தோளில் கிளி அமர்ந்த ஒற்றைக்கால் கடற்கொள்ளையன், கறுப்புப் புள்ளி இட்ட காகிதம், ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து சதியைக் கேட்கும் சிறுவன், வெறும் குழியாகக் கிடக்கும் புதையல் இடம் என்று பட்டியல் நீண்டது. ஆனால் தீவைப் பற்றி ஒருவரைத் தவிர வேறு எவரும் எதுவும் சொல்லவில்லை. மணலும் பனை மரங்களும் என்று ஒரு பிள்ளை சொன்னது. ஸ்டீவன்சனின் தீவிலோ பைன் மரங்களும் ஓக் போன்ற பசுமரங்களும் சதுப்பு நிலமும்தான் முன்னே நிற்கின்றன. கப்பல் நங்கூரமிட்ட துறையின் அழுகல் நாற்றத்தை முகர்ந்த டாக்டர் லைவ்சி, புதையல் தேடிச் செல்பவர்களில் ஒருவர், புதையல் இருக்கிறதோ இல்லையோ, காய்ச்சல் இங்கே உண்டு என்று தம் பொய்முடியைப் பணயமாக வைத்துச் சொல்கிறார்.

காரணத்தைத் தேடியபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சுருக்கப் பதிப்புகள் எங்களுக்கு விடை தந்தன. அவற்றை முழு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கத்திக்குத்தும் துப்பாக்கிச் சண்டையும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. வெட்டப்பட்டவை இடம் பற்றிய பகுதிகள்: பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கப்பலை நங்கூரத் துறைக்குள் இழுத்துச் செல்லும் நீண்ட பத்திகள், கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்த ஒற்றைக்கால் கொள்ளையன் லாங் ஜான் சில்வர், தீவின் நீரோட்டங்களைப் பற்றிக் கேப்டனிடம் சொல்லும் வரிகள், கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம் தனியாகப் படகில் அலையும் அத்தியாயங்களின் பெரும்பகுதி. சுருக்கியவர்கள் இவற்றைக் கதையை நிறுத்திவைக்கும் வருணனைகளாகக் கருதியிருக்க வேண்டும். வரைபடத்திலிருந்து பிறந்த கதையில் இடம்தான் கதை என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சுருக்கப் பதிப்புகள் நாவலின் எலும்பை உருவிவிட்டுச் சதையை மட்டும் விட்டுவைத்திருந்தன.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, முப்பத்து நான்கு அத்தியாயங்களையும் ஒரு வரி குறைக்காமல் வாய்விட்டு வாசிப்பது. இரண்டாவது, தொடராக வெளிவந்த அதே மாதங்களில், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயங்கள் என்று அதே நடையில் வாசிப்பதும், அடுத்த வாரத்துக்கான பகுதியை வீட்டில் முன்கூட்டியே வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும். கடல் சொற்களுக்கு ஒரு பக்கத்தில் எளிய விளக்கம் அச்சிட்டுக் கொடுத்தோம்; அதற்கு மேல் உரை எதுவும் தரவில்லை.

மூன்றாவது முடிவுதான் விவாதத்துக்கு உள்ளானது. நூலின் முகப்பில் அச்சிடப்பட்டுவரும் தீவின் வரைபடத்தை வட்டத்தினருக்குக் காட்டாமல் வைத்திருந்து, வாசிக்க வாசிக்க, நூலில் கிடைக்கும் செய்திகளை மட்டும் கொண்டு ஒவ்வொருவரும் தம் தம் வரைபடத்தை வரையட்டும் என்று நாங்கள் எண்ணினோம். காப்புரிமை முடிந்த நூல் ஆகையால், வரைபடம் இல்லாத படிகளை நூலகத்திலேயே அச்சிட்டுக்கொள்ள முடிந்தது.

கப்பல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதம் வலுவானது. தம் கதைப்பின்னலின் முக்கியப் பகுதியே அந்த வரைபடம்தான் என்று ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். நூல் அதனோடு சேர்ந்தே வெளிவர வேண்டும் என்பது அவர் விருப்பம். கடல் தெரியாத பிள்ளைகளைத் திசைகாட்டிச் சொற்களுக்கு நடுவே வரைபடமும் இல்லாமல் விடுவது ஆசிரியருக்கும் வாசகருக்கும் செய்யும் அநீதி என்றார். நாங்கள் அதற்குச் சொன்ன பதில் இது. ஆசிரியர் வரைபடத்தை வைத்துக்கொண்டு எழுதினார் என்பது உண்மை. ஆனால் முகப்பில் படத்தைப் பார்த்துவிட்ட வாசகர் இடம் பற்றிய வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறார், தேவைப்பட்டால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த வரிகளில் நின்று வாசிக்கும் பழக்கம். மேலும் கதைக்குள்ளேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கப்பலின் கேப்டன் ஸ்மாலெட் சில்வரிடம் காட்டுவது சிவப்புப் பெருக்கல் குறிகளும் கையெழுத்துக் குறிப்புகளும் நீக்கப்பட்ட ஒரு நகலைத்தான். பெரியவர் முழுதாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும், ஓதங்களையும் திசைகளையும் கேட்கும் பிள்ளைகளுக்கு விளக்க அவரே முன்வந்தார். அவர் இல்லாமல் இந்த முறை நடந்திருக்காது.

வாசிப்பின் போக்கு: முதல் பதினைந்து அத்தியாயங்கள்

ஆறாவது அத்தியாயத்தில், இறந்துபோன பழைய கொள்ளையன் பில்லி போன்ஸின் எண்ணெய்த் துணிப் பொட்டலம் பிரிக்கப்பட்டு வரைபடம் வெளிவருகிறது. ஏறத்தாழ ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கும் கொழுத்த டிராகனைப் போன்ற வடிவம், நிலம் சூழ்ந்த இரண்டு நல்ல துறைகள், நடுவில் ‘ஸ்பை-கிளாஸ்’ என்ற குன்று. இவ்வளவுதான் தொடக்கச் செய்தி. பிள்ளைகளில் பலர் டிராகனைப் படுக்கவைத்துக் கிழக்கு மேற்காக வரைந்தார்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மூன்று குன்றுகள் தெற்கு நோக்கி வரிசையாகச் செல்வதாக, முன்பாய்மரம், நடுப்பாய்மரம், பின்பாய்மரம் என்று கப்பலின் பெயர்களாலேயே அவற்றைச் சில்வர் குறிப்பிட்டதும், அவர்கள் தாளைத் திருப்பி மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. அந்த வாரத்திலிருந்து, சில்வர் பேசும்போது பென்சில்கள் தயாராக இருந்தன. அவன் பொய் சொல்லக்கூடியவன் ஆயிற்றே, அவன் சொல்வதை வரையலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். தீவைப் பற்றி அவன் பொய் சொன்னால் அவன் ஏறியிருக்கும் கப்பலும் பாறையில் மோதும் என்று மற்றொரு பிள்ளை பதில் சொன்னது. சில்வர் என்ற பாத்திரத்தைப் பற்றி நான் வாசித்த பல கட்டுரைகளைவிட அந்த விடை கூர்மையானது. தன் நலம் எங்கே இருக்கிறதோ அங்கே அவன் முற்றிலும் நம்பத்தகுந்தவன்.

பதினான்காம் அத்தியாயம் நெருங்கியபோது ஒரு தாய் எங்களைத் தனியே அணுகினார். தன்னோடு சேர மறுத்த டாம் என்ற மாலுமியின் முதுகில் சில்வர் ஊன்றுகோலை எறிந்து வீழ்த்தி, பிறகு கத்தியால் இருமுறை குத்திக் கொல்வதை ஜிம் புதருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் அத்தியாயம் அது. அதைத் தவிர்க்கவோ மென்மையாக்கவோ முடியுமா என்று அவர் கேட்டார். நாங்கள் தவிர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதுவரை பிள்ளைகள் சில்வரை விரும்பத் தொடங்கியிருந்தார்கள், ஜிம்மும் அப்படியே. அந்த விருப்பத்தின் மேல் விழும் அடியாக ஸ்டீவன்சன் இந்தக் கொலையை வைத்திருக்கிறார். அதை நீக்கினால் எஞ்சுவது சிரித்துப் பேசும் ஒரு சமையற்காரன் மட்டுமே. ஆனால் முந்தைய வாரமே எல்லாப் பெற்றோருக்கும் செய்தியைச் சொல்லிவிட்டு, வேண்டுபவர்கள் அந்த அரைமணி நேரம் பக்கத்து அறையில் இருக்க ஏற்பாடு செய்தோம். ஒரு சிறுமி அப்படிச் சென்றாள். அந்தத் தாய் தம் மகனோடு அமர்ந்து முழுவதும் கேட்டார். வாசிப்புக்குப் பின் எவரும் உடனே பேசவில்லை. சற்றுப் பொறுத்து அந்த மகன் கேட்ட கேள்வி, ஜிம் ஏன் கத்தவில்லை என்பது. கூட்டத்தின் மீதி நேரம் முழுவதும் அதிலேயே கழிந்தது.

பதினாறாம் அத்தியாயத் தடை

பதினைந்தாம் அத்தியாயம்வரை கதையைச் சொல்பவன் ஜிம். பதினாறில் திடீரென்று டாக்டர் லைவ்சி கதையைத் தொடர்கிறார். பதினெட்டு முடியும் வரை அவர் குரல்தான். அந்த மூன்று அத்தியாயங்களில் வட்டத்தின் கவனம் தெளிவாகக் குறைந்தது. இரண்டு பிள்ளைகள் அந்த வாரத்தோடு வராமல் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன், ஜிம் இல்லாத இடத்தில் என்ன நடந்தால் எனக்கென்ன என்று சொல்லிப் போனதாக அவனுடைய பாட்டி தெரிவித்தார்.

ஆசிரியருடைய எழுத்து நின்றுபோன இடமும் அதுவே என்பதை நாங்கள் வட்டத்தினருக்குச் சொன்னோம். ஜிம் தீவின் உள்ளே, அங்கே தனியே விடப்பட்டிருந்த மாலுமி பென் கன்னோடு இருக்கிறான். அதே நேரத்தில் கப்பலில் இருப்பவர்கள் கரையேறி மரவேலி அரணைக் கைப்பற்ற வேண்டும். ஒருவன் கண்ணால் இரண்டையும் பார்க்க முடியாது. ஸ்டீவன்சன் கண்ட வழி, கதைசொல்லியை மாற்றுவது. அது சரியான வழியா என்று வட்டத்தினரைக் கேட்டபோது, பெரியவர்கள் சரி என்றார்கள், பிள்ளைகள் பெரும்பாலும் தவறு என்றார்கள். டாக்டரின் குரலில் ஜிம்முக்கு உள்ள பயம் இல்லை என்பது பிள்ளைகள் கண்ட குறை. அது உண்மை. அந்த மூன்று அத்தியாயங்களும் ஓர் அறுவை மருத்துவரின் அறிக்கையைப் போல இறுக்கமாகச் செல்கின்றன, எனக்கு அவை பிடிக்கும் என்றாலும்.

வரைபடத்துக்கு அவை பெரிதும் பயன்பட்டன. அரண் கரையிலிருந்து நூறு கஜம்கூட இல்லை. குன்றின் உச்சியில் ஊற்று. கப்பலிலிருந்து மரவீடு கண்ணுக்குத் தெரியாது, கூரைமேல் பறக்கும் கொடிதான் பீரங்கிக்குக் குறி. இருந்தும் கொடியை இறக்கக் கேப்டன் மறுக்கிறார். வீட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே உயரமான மரங்கள் இருந்தாக வேண்டும், ஆனால் கொடியைவிடத் தாழ்வாக என்று ஒரு சிறுமி தன் வரைபடத்தில் மரங்களை வரிசையாக நட்டாள்.

சில்வரின் கால்

விபத்தில் காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் ஒருவர் வட்டத்தில் இருந்தார். தொடக்கத்தில் அவர் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அரண் பகுதியில், சமாதானம் பேச வந்த சில்வர் மணலில் அமர்ந்துவிட்டு, எழுந்திருக்கக் கை கொடுக்க எவரும் முன்வராததால் தாழ்வாரம்வரை தவழ்ந்து சென்று எழும் காட்சியை வாசித்தபோது, அவர் தாமாகவே பேசினார்.

இந்த நூலில் பார்வையற்ற பியூ கொடியவன், இரு விரல்களை இழந்த பிளாக் டாக் கொடியவன், காலை இழந்த சில்வர் கொடியவன். குறையுள்ள உடலைக் கொடுமையின் அடையாளமாக்கும் பழக்கம் இதில் வெளிப்படையாக இருக்கிறது என்றார் அவர். ஆனால் கப்பலில் சில்வர் வாழும் விதத்தை எழுதியவர், உண்மையில் அப்படி ஒருவரை அருகிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊன்றுகோலைக் கழுத்தில் கயிற்றால் மாட்டிக்கொண்டு இரு கைகளையும் விடுவித்துக்கொள்வது, ஊன்றுகோலின் அடியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக் கப்பல் ஆடும்போதும் சமைப்பது, திறந்த வெளிகளைக் கடக்க அவனுக்கென்று மேல்தளத்தில் கட்டப்பட்ட கயிறுகளை மாலுமிகள் ‘லாங் ஜானின் காதணிகள்’ என்று அழைப்பது ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்.

அவர் பேசி முடித்த பிறகே, நாங்கள் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லியைப் பற்றிச் சொன்னோம். எலும்புக் காசநோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்த கவிஞர் அவர். மற்றக் காலைக் காப்பாற்றிக்கொள்ள இதே நகரத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரிடம் நெடுங்காலம் சிகிச்சை பெற்றார். 1875இல் ஸ்டீவன்சன் அவரை அங்கேதான் சந்தித்தார். சில்வரை உருவாக்கியது ஹென்லியின் ஊனமுற்ற உடலிலும் குன்றாத ஆற்றல்தான் என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த உறுப்பினரின் குற்றச்சாட்டுக்கு அது ஒரு சமாதானமாகப் போய்விட்டிருக்கும். நண்பரை மாதிரியாகக் கொண்டார் என்பதால் பியூவைப் பற்றிய குற்றச்சாட்டு தீர்ந்துவிடுவதில்லை. அதை அவரும் சொன்னார், நாங்களும் ஏற்றோம்.

பரிசல் அத்தியாயங்கள்

இந்த ஆய்வின் மையம் இருபத்திரண்டு முதல் இருபத்தேழு வரையிலான அத்தியாயங்களே. ஜிம் எவரிடமும் சொல்லாமல் அரணைவிட்டு வெளியேறி, வெள்ளைப் பாறைக்கு அருகே பென் கன் மறைத்துவைத்திருந்த தோல் பரிசலை எடுத்துக்கொண்டு, இரவில் கப்பலின் நங்கூரக் கயிற்றை அறுக்கிறான். கடல் வற்றத்தின் இழுப்பில் கப்பலும் பரிசலும் குறுகிய வாயில் வழியே வெளிக்கடலுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. சாவு நிச்சயம் என்று பரிசலின் அடியில் படுத்து அவன் உறங்கிப்போவதோடு இருபத்து மூன்றாம் அத்தியாயம் முடிகிறது.

அந்த வாரக் கூட்டத்தை அங்கேயே நிறுத்தி, ஜிம் எங்கே கண் விழிப்பான் என்று ஒவ்வொருவரும் தம் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும்படி கேட்டோம். பலர் கிழக்கே திறந்த கடலில் வைத்தார்கள். சிலர் தாம் விரும்பிய இடத்தில் வைத்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் தன் படியில் பின்னோக்கிப் புரட்டி, பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து, சில்வர் கேப்டனிடம் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் படித்துக் காட்டினாள்: தெற்குக் கரையை ஒட்டி வலுவான நீரோட்டம் ஒன்று ஓடுகிறது, பிறகு அது மேற்குக் கரையோரமாக வடக்கே திரும்புகிறது. அதைச் சொல்லிவிட்டுத் தீவின் தென்மேற்கு மூலையில் புள்ளியை வைத்தாள். கப்பல் பணியிலிருந்த பெரியவர் அவள் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இருபத்து நான்காம் அத்தியாயத்தின் தொடக்க வரியில், பொழுது நன்றாக விடிந்தபின் ஜிம் தீவின் தென்மேற்கு முனையில் அலைகளில் ஆடிக்கொண்டிருப்பதை உணர்கிறான். சற்று நேரத்தில் அவனும் சில்வர் சொன்ன அதே நீரோட்டத்தை நினைவுகூர்கிறான். அந்தச் சிறுமி ஜிம்முக்கு ஒரு வாரம் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள்.

கொலைகாரன் ஒருவன் தொழில் திறமையால் சொன்ன ஒரு வாக்கியம், பன்னிரண்டு அத்தியாயங்களுக்குப் பிறகு, அவனுக்கு எதிராக இயங்கும் ஒரு சிறுவனுடைய உயிரைக் காக்கிறது. கப்பலை மீட்டுத் தருகிறது. கொள்ளையரின் திட்டத்தையே கவிழ்க்கிறது. இதைவிட நுட்பமான கதைக்கட்டு அந்தக் காலத்துச் சிறுவர் நூல்களில் அரிது. நாங்கள் பார்த்த சுருக்கப் பதிப்புகள் எவற்றிலும் சில்வரின் அந்த வரி இல்லை. அவற்றைப் படித்தவர்களுக்கு ஜிம் தற்செயலாகத் தப்பித்தவன்.

அதன்பின் வடக்குத் துறையில் கப்பலைக் கரைதட்டவைப்பதும், பாய்மரத்தில் ஏறிய ஜிம்மைக் கொள்ளையரில் ஒருவனான இஸ்ரேல் ஹேண்ட்ஸ் கத்தியோடு துரத்துவதும் வரும் அத்தியாயங்கள், எவருடைய தூண்டுதலும் இல்லாமல் வாசிக்கப்பட்டன.

இறுதிப் பகுதியும் விளைவும்

முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் எல்லா வரைபடங்களும் ஓர் இடத்தில் இடறின. புதையலைப் பென் கன் முன்னரே எடுத்து, தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள இரட்டைச் சிகரக் குன்றின் குகைக்குக் கொண்டுபோய்விட்டான் என்று அங்கே தெரியவருகிறது. அந்த மூலையில் எவரும் குன்று வரைந்திருக்கவில்லை. இது நியாயமா என்ற விவாதம் எழுந்தது. குறிப்புகளில், புதையலைப் புதைத்த கொள்ளைக் கேப்டன் பிளிண்ட் எழுதிவைத்த திசைகள் எல்லாம் சரியாகவே இருக்க, பொருள் மட்டும் அங்கே இல்லை என்பதுதான் கதையின் திருப்பம். ஆகவே வரைபடத்தில் இல்லாத இடத்தில் அது இருப்பதே பொருத்தம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

நாணயங்களைப் பிரித்து அடுக்கும் காட்சியில் வேறொரு கேள்வி வந்தது. ஐரோப்பிய அரசர்களின் உருவம் பொறித்த காசுகளோடு, சிலந்தி வலை போன்ற எழுத்துகள் கொண்ட கீழைநாட்டுக் காசுகளும் அதில் இருக்கின்றன. சில்வரின் கிளி மடகாஸ்கரையும் மலபாரையும் பார்த்தது, கோவாவை அடுத்த கடலில் வைஸ்ராயின் கப்பல் கொள்ளையிடப்பட்டபோது உடனிருந்தது என்று முன்பே சொல்லப்பட்டதை ஒருவர் நினைவூட்டினார். ஏழு லட்சம் பவுனுக்கு உரியவர்கள் யார் என்பதை நாவல் கேட்பதில்லை. அந்தச் செல்வத்தைச் சேர்க்க எவ்வளவு இரத்தமும் துயரமும் ஆகியிருக்கும் என்று ஜிம் ஒரு வாக்கியத்தில் நினைக்கிறான். பிறகு மூட்டைகள் கப்பலில் ஏறுகின்றன. அந்தக் கேள்வியை நாங்கள் தீர்க்க முயலவில்லை, எழுப்பியவருக்கு நன்றி சொல்லிப் பதிவு செய்துகொண்டோம்.

கடைசிக் கூட்டத்தில் அச்சு வரைபடத்தை விரித்துவைத்து, எல்லாருடைய வரைபடங்களையும் அதைச் சுற்றி அடுக்கினோம். தெற்குத் துறை, அதை ஒட்டிய குட்டித் தீவான ஸ்கெலிட்டன் தீவு, மூன்று குன்றுகள், வடக்குத் துறை ஆகியவை பெரும்பாலான தாள்களில் ஏறத்தாழச் சரியான இடங்களில் இருந்தன. தூரங்கள் பெரிதும் வேறுபட்டன. அப்போதுதான் இறுதிச் செய்தியைச் சொன்னோம். முகப்பில் உள்ளது பிரேமாரில் வரையப்பட்ட வரைபடம் அன்று. நூலாக்கத்துக்காகக் கையெழுத்துப் படியோடு பதிப்பாளருக்கு அனுப்பப்பட்ட அந்த மூலப்படம் அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. ஸ்டீவன்சன் தம் சொந்த நூலை முதலிலிருந்து வாசித்து, இடம் பற்றிய ஒவ்வொரு குறிப்பையும் திரட்டி, கவராயத்தைக் கொண்டு அவற்றுக்கு ஏற்ப ஒரு புதிய வரைபடத்தை அமைக்க வேண்டியதாயிற்று. கலங்கரை விளக்கங்களைக் கட்டும் பொறியாளரான அவருடைய தந்தை தாமஸ் ஸ்டீவன்சனின் அலுவலகத்தில் அது வரையப்பட்டது. கேப்டன் பிளிண்டின் கையொப்பத்தையும் பில்லி போன்ஸின் குறிப்புகளையும் தந்தையே வேறு வேறு கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அது தமக்கு ஒருபோதும் உண்மையான புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று ஸ்டீவன்சன் பிற்காலத்தில் எழுதினார்.

நாலு மாதமாகத் தாங்கள் செய்ததைத்தான் ஆசிரியரும் செய்தார் என்று கேட்டதும் அறையில் எழுந்த ஆரவாரம் நூலகத்துக்குப் பொருந்தாதது. எதிர்த்து வாதிட்ட பெரியவர், தம் எதிர்ப்பைத் திரும்பப் பெறவில்லை. மூல வரைபடம் இருந்திருந்தால் அதை முதல் நாளே காட்டியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறார். தொடங்கியவர்களில் சிலர் இடையில் நின்றார்கள். பெரும்பாலோர் இறுதிவரை வந்தார்கள். பதினாறாம் அத்தியாயத்தில் நின்ற இருவரில் ஒருவன் பரிசல் செய்தியைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து, விட்டுப்போன அத்தியாயங்களை வீட்டில் வாசித்து முடித்தான்.

அடுத்த சுற்றில் மாற்றுவன

டாக்டரின் மூன்று அத்தியாயங்களை ஒரே கூட்டத்தில், பெரியவர் ஒருவர் மட்டும் வாசிக்கும்படி அமைக்கவிருக்கிறோம். வெவ்வேறு குரல்களில் வாசிக்கும்போது கதைசொல்லி மாறியது பிள்ளைகளுக்கு உடனே புலப்படுவதில்லை. திசைகாட்டியின் முப்பத்திரண்டு புள்ளிகளை விளக்கும் வகுப்பை ஆறாம் அத்தியாயத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும். ‘கிழக்கு-தென்கிழக்கிலிருந்து ஒரு புள்ளி கிழக்கே’ என்பதைக் கதையின் உச்சத்தில் விளக்க நேர்ந்தது, புதையலை நோக்கி நடந்துகொண்டிருந்தவர்களை நடுவழியில் நிறுத்தியது.

அடுத்து வாசிக்கவிருப்பது அதே ஆசிரியரின் ‘கிட்நாப்டு’, 1886இல் வெளிவந்தது. அதற்கும் ஆசிரியர் வரைபடம் சேர்த்திருக்கிறார். ஆனால் அந்த நிலம் கற்பனை அன்று, எங்கள் வட்டத்தினரில் பலர் கோடை விடுமுறைக்குச் செல்லும் மேற்குக் கரை. ஆகவே வரைபடத்தை முதல் நாளே கொடுத்துவிடப் போகிறோம். எர்ரெய்ட் என்ற சிறு தீவைக் காட்டும் பகுதியை மட்டும் தனித்தாளாக எடுத்து வைத்திருக்கிறோம். ஸ்டீவன்சன் இளைஞராக இருந்தபோது, தந்தையின் நிறுவனம் டூ ஆர்ட்டாக் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய காலத்தில், நேரில் தங்கிய தீவு அது. கடல் வற்றும் நேரத்தில் அங்கிருந்து மணலில் நடந்தே பெரிய தீவுக்குப் போய்விடலாம். கதைநாயகன் டேவிட் அதை அறியாமல் பசியோடும் மழையோடும் அங்கே நாள்களைக் கழிக்கிறான். மீனவர்கள் படகிலிருந்து சிரித்துக்கொண்டே அவனுக்கு அதை உணர்த்தும் அத்தியாயத்தை வாசித்து முடித்த பிறகே அந்தத் தாள் வட்டத்தினர் கைக்குச் செல்லும்.